சொப்ட்வெயார் வாங்கும் வியாபாரி அறிந்திருக்க வேண்டிய சொற்கள்

ஒரு மூட்டை அரிசி வாங்குவதென்றாலும் நாம் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறோம். துணி வாங்கும் போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். ஓரத்தைக் கசக்கிப் பார்க்கிறோம். பழைய வான் ஒன்று வாங்கப் போனால் தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிச் செல்கிறோம். ஆனால் கடைக்குச் சொப்ட்வெயார் வாங்கும் போது மட்டும், விற்க வந்தவர் கொம்பியூட்டரில் காட்டும் நான்கு படங்களைப் பார்த்து விட்டு, அவர் நீட்டும் கடதாசியில் கையெழுத்துப் போட்டு விடுகிறோம். காரணம், அவர் பேசும் சொற்கள் நமக்குப் புரிவதில்லை. புரியவில்லை என்று சொல்வதற்கும் வெட்கமாக இருக்கிறது.

இந்த வாரம் அந்தச் சொற்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் கொம்பியூட்டர் படித்தவனல்லன், புடைவைக் கடைக்காரன். இந்தச் சொற்களை நான் கற்றுக் கொண்ட விதம் அவ்வளவு நல்ல விதமல்ல. முதலில் அதைச் சொல்லி விடுகிறேன்.

லாச்சியில் குறைந்த காசு

2018 ஆம் ஆண்டு நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன்னர் எமது கடைக்கு ஒரு பில் போடும் சொப்ட்வெயார் வாங்கினோம். பெருநாள் சேலுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் கழிவு கொடுத்தோம். பிடிக்காத உடுப்பை ஒரு வாரத்துக்குள் கொண்டு வந்தால் காசைத் திருப்பித் தருவோம் என்று போர்டும் போட்டோம். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் இரவு லாச்சியை எண்ணும் போது காசு குறைந்தது. ஒரு நாள் 540 ரூபா. இன்னொரு நாள் 1,215 ரூபா. கொம்பியூட்டர் காட்டும் தொகைக்கும் லாச்சியில் உள்ள தொகைக்கும் பொருத்தமேயில்லை. பெருநாள் முடிந்து கணக்குப் பார்த்த போது 27,000 ரூபாவுக்கு மேல் குறைந்திருந்தது.

கெஷியராக இருந்தவர் எங்களிடம் நான்கு வருடம் வேலை செய்த இளைஞர். கூப்பிட்டுக் கேட்டேன். "முதலாளி, நான் ஒரு சதமும் எடுக்கல்ல" என்றார். கொம்பியூட்டர் பொய் சொல்லுமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக் கொண்டேன். மாத முடிவில் அவர் சொல்லாமல் நின்று விட்டார். நின்றதையே குற்றத்துக்கு அத்தாட்சியாகவும் எடுத்துக் கொண்டேன்.

இரண்டு மாதத்தில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. லாச்சியில் எனது சகோதரியின் மகனை இருத்தினேன். மீண்டும் கழிவு கொடுத்தோம். மீண்டும் காசு குறைந்தது. மருமகனைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. அப்போதுதான் பில்களைச் சந்தேகித்தேன். நோன்புப் பெருநாள் காலத்துப் பில் கட்டுகளையும் எடுத்து வைத்துக் கொண்டு இரவிரவாகப் பார்த்தோம். 540 ரூபா குறைந்த நாளில் திரும்பி வந்த உடுப்பு ஒன்றே ஒன்று. அதன் விலை 6,000 ரூபா. கழிவு போக 5,400 ரூபா. வாடிக்கையாளருக்கு நாம் திருப்பிக் கொடுத்ததும் 5,400 தான். ஆனால் கொம்பியூட்டரோ அந்த 5,400 இலும் இன்னொரு தடவை பத்து வீதம் கழித்து, 4,860 ரூபா மட்டுமே லாச்சியை விட்டுப் போனதாக எழுதியிருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 540 ரூபா. 1,215 ரூபா குறைந்த நாளிலும் திரும்பி வந்தது ஒரு பில்தான். அது 12,150 ரூபா.

கள்வன் லாச்சியில் இருக்கவில்லை. சொப்ட்வெயாருக்குள் இருந்தது.

இது என் கடைக்கு மட்டும் நடந்ததல்ல

பிரித்தானியாவில் சிறிய கடைகளுக்குள்ளேயே தபால் கவுண்டர் நடத்தும் கடைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். சப் போஸ்ட்மாஸ்டர் என்று அவர்களை அழைப்பார்கள். தெற்காசிய வம்சாவளியினரும் அவர்களில் பலர். 1999 முதல் அவர்களது கவுண்டர்களுக்கு ஹொரைசன் என்ற கணக்குச் சொப்ட்வெயாரைத் தபால் நிறுவனம் பொருத்தியது. அதைத் தயாரித்தது ஜப்பானின் புஜிட்சு கம்பனிக்குச் சொந்தமான நிறுவனம். அதன் பின்னர் பல கவுண்டர்களில் காசு குறைவதாகக் கணக்குக் காட்டியது. குறைந்த தொகையைக் கைக்காசிலிருந்து கட்டுமாறு கடைக்காரர்களிடம் கேட்கப்பட்டது. பலர் வீட்டை ஈடு வைத்துக் கட்டினார்கள். 1999 முதல் 2015 வரையான காலத்தில், இந்தக் கணக்கை நம்பித் தொடுக்கப்பட்ட வழக்குகளில் 900 க்கும் அதிகமானோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். சீமா மிஸ்ரா என்ற பெண்மணி கர்ப்பிணியாக இருந்த நிலையில் 2010 நவம்பரில் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

அலன் பேட்ஸ் என்ற முன்னாள் சப் போஸ்ட்மாஸ்டர் விடவில்லை. அவரது தலைமையில் 555 பேர் வழக்காடினார்கள். ஹொரைசனில் இருந்த குறைகளே கவுண்டர் கணக்குகளில் வித்தியாசத்தை உண்டாக்கக் கூடியவையாக இருந்தன என்று 2019 டிசம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரலில் சீமா மிஸ்ரா உட்பட 39 பேரின் தண்டனைகள் ரத்தாயின. 2024 மே மாதம் தனிச் சட்டமொன்றே கொண்டு வந்து மேலும் நூற்றுக்கணக்கானோரின் தண்டனைகளை ரத்துச் செய்தார்கள்.

அந்தச் செய்திகளை வாசித்த போது எனக்கு எமது கெஷியரின் முகமே நினைவுக்கு வந்தது. கொம்பியூட்டர் பொய் சொல்லுமா என்று நான் கேட்ட அதே கேள்வியை அங்கே ஒரு பெரிய நிறுவனமே கேட்டிருக்கிறது. எனவே நண்பர்களே, கீழே வரும் சொற்களைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படிக்க வேண்டாம். நமது காசையும் பிறர் மானத்தையும் காக்கும் சொற்களாகப் படியுங்கள்.

1. ரெக்வயர்மன்ட் - உங்களுக்கு என்ன தேவை?

ரெக்வயர்மன்ட் என்றால் தேவை. சொப்ட்வெயார் எதைச் செய்ய வேண்டும் என்று வாங்குபவர் சொல்வது. அந்தத் தேவையை விபரமாக, அளவோடு, உதாரணத்தோடு எழுதி வைப்பதே ஸ்பெசிபிகேஷன்.

நான் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: 'திரும்பி வரும் சாமானை எடுக்கும் வசதி வேண்டும்.' அவர்களும் அந்த வசதியைச் செய்து தந்தார்கள். நான் எழுதியிருக்க வேண்டியதோ வேறு: 'கழிவில் விற்ற சாமான் திரும்பி வந்தால், வாடிக்கையாளர் உண்மையில் செலுத்திய தொகையே திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும், அதே தொகையே லாச்சிக் கணக்கிலும் குறைய வேண்டும், சாமான் ஸ்டொக்கில் கூட வேண்டும். உதாரணம்: 6,000 ரூபா உடுப்பு, பத்து வீதக் கழிவு, திருப்பிக் கொடுப்பது 5,400.' நான்கு வரி மேலதிகமாக எழுதியிருந்தால் ஒரு மனிதனின் பெயர் கெட்டிருக்காது.

ஆகவே உங்கள் கடையில் நடக்கும் கொடுக்கல் வாங்கல்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். கடனுக்கு விற்பது, தவணையில் வாங்குவது, பின்திகதியிட்ட காசோலை, சேதமான சாமான், இலவசமாகக் கொடுக்கும் சாமான் எல்லாவற்றுக்கும் ரூபாக் கணக்கில் ஓர் உதாரணம் வையுங்கள். இதை எழுத வேண்டியவர் வியாபாரிதான். உங்கள் கடையின் நடைமுறை சொப்ட்வெயார் எழுதுபவருக்குத் தெரியாது.

2. தவறு, குறை, கோளாறு

'பக்' என்ற சொல்லை எல்லோரும் கேட்டிருப்போம். ஆங்கிலத்தில் பூச்சி என்று பொருள். 1947 செப்டம்பர் 9 ஆம் திகதி அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் டூ என்ற கணினியின் பாகமொன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்ததைக் கண்டெடுத்து, அதைக் குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். சொல் அதிலிருந்துதான் பிறந்தது என்று பலர் சொல்வார்கள். உண்மையில் இயந்திரக் குறைகளுக்கு அச்சொல்லை 1878 இலேயே எடிசன் தனது கடிதமொன்றில் பயன்படுத்தியிருக்கிறார்.

ஆனால் தரம் பார்க்கும் தொழிலில் உள்ளவர்கள் எல்லாவற்றையும் 'பக்' என்று ஒரே சொல்லில் அடக்குவதில்லை. மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதலாவது, மனிதன் விடும் தவறு. இரண்டாவது, அத்தவறினால் சொப்ட்வெயாருக்குள் உட்காரும் குறை. இதையே டிபெக்ட் அல்லது பக் என்பர். மூன்றாவது, அந்தக் குறை வேலை செய்யும் போது வெளியில் தெரியும் கோளாறு, இது பெயிலியர்.

எமது கதையில், திரும்பி வரும் சாமானையும் ஒரு விற்பனையைப் போலவே எழுதியவர் நினைத்தது தவறு. கழிவை இரண்டாம் தடவையும் கழிக்கும் கணக்கு குறை. இரவில் லாச்சியில் 540 ரூபா குறைந்தது கோளாறு. இந்தப் பிரிவில் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. குறை எப்போதும் உள்ளே இருக்கலாம். கோளாறு எப்போதும் தெரியாது. கழிவு கொடுக்காத மாதங்களில் எமது கணக்கு ஒரு சதம் பிசகவில்லை. 'இவ்வளவு நாளும் சரியாகத்தானே ஓடியது' என்ற பேச்சு குறை இல்லை என்பதற்கு அத்தாட்சியாகாது.

3. வெரிபிகேஷனும் வெலிடேஷனும்

கேட்க ஒன்று போல் இருக்கும் இந்த இரண்டு சொற்களும் வேறு வேறு. தையற்காரர் ஒருவரிடம் ஷேர்ட் தைக்கக் கொடுக்கிறீர்கள். அவர் அளவுப் புத்தகத்தில் எழுதியபடி நீளமும் கையும் கழுத்தும் வந்திருக்கிறதா என்று டேப் வைத்துப் பார்ப்பது வெரிபிகேஷன். நீங்கள் போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி இறக்கி, உடம்புக்குச் சரியா என்று பார்ப்பது வெலிடேஷன். அளவையே பிழையாக எழுதியிருந்தால் முதலாவது சரியாக இருக்கும், இரண்டாவது தவறும்.

கம்பனிக்காரர், 'நீங்கள் சொன்னபடிதான் செய்திருக்கிறோம்' என்று சொல்லும் போது அவர் முதலாவதைச் சொல்கிறார். நமக்குத் தேவையானது இரண்டாவதும் கூட. அதைச் செய்யக் கூடியவர் கடைக்காரர்தான்.

4. கியூஏ, கியூசீ

தர உத்தரவாதத்தைச் சுருக்கமாக கியூஏ என்பர். தரக் கட்டுப்பாடு கியூசீ. ஒரு பேக்கரியை எடுத்துக் கொள்ளுங்கள். அவணத்திலிருந்து வந்த பாணைப் பார்த்து, கருகியதையும் வேகாததையும் ஒதுக்குவது தரக் கட்டுப்பாடு. மாவைச் சலிப்பது, எடை போட்டுக் குழைப்பது, சூட்டைக் கவனிப்பது என்று பாண் கருகாமலே இருக்க ஒழுங்கு செய்வது தர உத்தரவாதம். டெஸ்டிங் எனப்படும் சோதனை, தரக் கட்டுப்பாட்டின் ஒரு பகுதி.

கம்பனியிடம் நாம் கேட்க வேண்டியது: 'எழுதியவரைத் தவிர வேறொருவர் இதைச் சோதிக்கிறாரா? சோதித்ததை எழுதி வைத்திருக்கிறீர்களா? அதைக் காட்ட முடியுமா?' தன் கணக்கில் தான் விட்ட பிழை தன் கண்ணில் படாது என்பது கணக்கெழுதும் நமக்கெல்லாம் தெரிந்த விடயம். சொப்ட்வெயார் எழுதுபவரும் அப்படித்தான்.

5. சோதனையின் நான்கு படிகள்

முதற்படி யுனிட் டெஸ்ட். ஒவ்வொரு சிறு பகுதியையும் தனியாகச் சோதிப்பது. கழிவுக் கணக்கு தனியாகச் சரியா என்பது போல. இரண்டாவது இன்டகிரேஷன் டெஸ்ட். பகுதிகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தைச் சோதிப்பது. மூன்றாவது சிஸ்டம் டெஸ்ட். முழுவதையும் ஓட்டிப் பார்ப்பது. நான்காவது எக்செப்டன்ஸ் டெஸ்ட். வாங்குபவர் தானே சோதித்து ஏற்றுக் கொள்வது.

எமது கடையில் கழிவு தனியாகச் சரியாக இருந்தது. திருப்பி எடுப்பதும் தனியாகச் சரியாக இருந்தது. இரண்டும் சேர்ந்த போதுதான் பிசகியது. சேரும் இடத்தில்தான் தண்ணீர் ஒழுகும் என்பது குழாய் பொருத்துபவருக்குத் தெரியும். அமெரிக்காவின் நாசா கூட இதில் தப்பவில்லை. 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கிரகத்தை அடைந்த அவர்களது விண்கலமொன்று அங்கேயே அழிந்து போனது. ஒரு தரப்பின் சொப்ட்வெயார் இறாத்தல் அடிப்படையிலான அளவில் கணக்குக் கொடுக்க, மறுதரப்பு அதை மெட்ரிக் அளவென்று நினைத்து எடுத்துக் கொண்டதே காரணம். யாரையும் மீற்றரையும் மாற்றி அளந்து நட்டப்பட்ட புடைவை வியாபாரிக்கு இதை விளக்கத் தேவையில்லை.

6. டெஸ்ட் கேஸ் - ஒரு கொப்பி போதும்

சோதனை என்பது இங்குமங்கும் தட்டிப் பார்ப்பதல்ல. ஒரு கொப்பியில் நான்கு நிரல் கீறிக் கொள்ளுங்கள். என்ன செய்யப் போகிறேன்? என்ன வர வேண்டும்? உண்மையில் என்ன வந்தது? சரியா, பிழையா? ஒவ்வொரு வரியும் ஒரு டெஸ்ட் கேஸ். இரண்டாவது நிரலைச் சோதிக்க முன்னரே எழுதி விட வேண்டும். வந்த விடையைப் பார்த்த பிறகு எழுதினால், வந்ததே சரியென்று தோன்றும்.

எந்தக் கடைக்கும் பொருந்தும் சிலவற்றைத் தருகிறேன்.

ஒன்று: கழிவில் விற்ற சாமானை அடுத்த நாள் திருப்பி எடுங்கள். லாச்சிக் கணக்கு எவ்வளவு குறைகிறது?

இரண்டு: பில் போடும் போது என்டர் பட்டனை நான்கு தடவை அழுத்துங்கள். ஒரு பில்தான் விழ வேண்டும். இது விளையாட்டல்ல. 2015 இல் ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்டன் என்ற ஊரில் ஹொரைசன் திரை இறுகி நின்ற போது என்டரைத் திரும்பத் திரும்ப அழுத்தியதால் 8,000 பவுண் தொகை நான்கு தடவை பதிவாகி, 24,000 பவுண் குறைவதாகக் கணக்குக் காட்டியது.

மூன்று: பில்லின் நடுவில் கரண்டை நிறுத்துங்கள். மீண்டும் வந்ததும் அந்தப் பில் முழுதாக இருக்க வேண்டும், அல்லது முழுதாக இல்லாதிருக்க வேண்டும். பாதி இருக்கக் கூடாது.

நான்கு: 5,000 ரூபாவிலிருந்து கழிவு என்றால் 4,999, 5,000, 5,001 ஆகிய மூன்று தொகைக்கும் பில் போடுங்கள். எல்லையில்தான் பிழை அதிகம் ஒளிந்திருக்கும். இதற்கு எல்லைப் பெறுமானச் சோதனை என்று பெயர்.

ஐந்து: ஸ்டொக்கில் ஒன்றே ஒன்று இருக்கும் சாமானை இரண்டு கவுண்டரிலும் ஒரே நேரத்தில் விற்றுப் பாருங்கள்.

இத்தனையும் செய்தாலும் குறையே இல்லை என்று சொல்லி விட முடியாது. சோதனை குறை இருப்பதைக் காட்டும். இல்லை என்று நிரூபிக்காது. நெதர்லாந்தின் புகழ்பெற்ற கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதை வலியுறுத்தினார். அதனால்தான் கெஷியர் கணக்குக் குறைந்தால் முதலில் பில்லைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

7. எக்செப்டன்ஸ் - கையெழுத்தின் விலை

நான்காவது படியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'யூஏடீ சைன் ஓப்' என்று ஒரு கடதாசி நீட்டுவார்கள். பயனாளர் சோதித்து ஏற்றுக் கொண்டார் என்பது அதன் பொருள். நான் சாமான் வந்ததற்குரிய பற்றுச்சீட்டு என்று நினைத்துக் கையெழுத்து வைத்தேன். பின்னர் குறையைச் சொன்ன போது கம்பனியிலிருந்து வந்த தம்பி அந்தக் கடதாசியைத்தான் காட்டினார். "நாநா, டெஸ்ட் பண்ணிப் பார்த்து ஏத்துக்கிட்டதாச் சைன் பண்ணியிருக்கீங்களே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

உங்கள் ஆட்கள், உங்கள் சாமான், உங்கள் விலை ஆகியவற்றைக் கொண்டு சோதித்த பின்னரே கையெழுத்து வையுங்கள். குறைந்தது இரண்டு வாரமாவது பழைய பில் புத்தகத்தையும் கொம்பியூட்டரையும் ஒன்றாக ஓட்டி, ஒவ்வொரு இரவும் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதைப் பெரலல் ரன் என்பர். இறுதித் தவணைப் பணத்தை எக்செப்டன்ஸ் முடியும் வரை கொடுக்காதீர்கள். பெருநாள் நெருங்கும் போது புதிய சொப்ட்வெயார் தொடங்கவும் வேண்டாம்.

8. செவெரிட்டியும் பிரயோரிட்டியும்

குறை ஒன்றை அறிவித்தால் கம்பனி இரண்டு கேள்வி கேட்கும். பாதிப்பு எவ்வளவு கடுமை என்பது செவெரிட்டி. எவ்வளவு அவசரமாகத் திருத்த வேண்டும் என்பது பிரயோரிட்டி. பில்லில் கடையின் பெயர் பிழையாக அச்சாவது கணக்கைப் பாதிக்காது. ஆனால் உடனே திருத்த வேண்டும். வருட முடிவு அறிக்கை பிழையாக வருவது கடுமையானது. ஆனால் அது ஏப்ரல் மாதமானால் சில வாரம் பொறுக்கலாம். எல்லாவற்றையும் 'அவசரம்' என்று கத்தினால் உண்மையான அவசரம் வரும் போது எவரும் ஓடி வர மாட்டார்கள். குறையை அறிவிக்கும் போது பில் இலக்கம், நேரம், என்ன செய்தீர்கள், என்ன வந்தது என்று எழுதி அனுப்புங்கள். 'வேலை செய்யவில்லை' என்ற ஒரு வசனத்தை வைத்து எவராலும் எதையும் திருத்த முடியாது.

9. சேஞ்ச் ரிக்வெஸ்ட், ரிக்ரெஷன், ரிலீஸ்

முதலில் சொல்லாத ஒன்றைப் பின்னர் கேட்பது சேஞ்ச் ரிக்வெஸ்ட். அதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள். எது குறை, எது புதிய மாற்றம் என்பதில்தான் சண்டை வரும். குறையை இலவசமாகத் திருத்த வேண்டும். மாற்றத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது நீங்கள் முதலில் எழுதிய தேவைப் பட்டியல்தான்.

நமது நாட்டிலேயே நல்ல உதாரணம் வற் வரி. 8 வீதமாக இருந்தது 2022 ஜூன் 1 ஆம் திகதி 12 ஆகியது. அதே வருடம் செப்டம்பர் 1 ஆம் திகதி 15 ஆகியது. 2024 ஜனவரி 1 ஆம் திகதி 18 ஆகியது. வீதத்தைச் சொப்ட்வெயாருக்குள்ளேயே எழுதிப் பூட்டியிருந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் கம்பனியைத் தேடி ஓட வேண்டியதாயிற்று. வீதத்தைக் கடைக்காரரே திகதியோடு மாற்றக் கூடியதாக இருக்க வேண்டும். அத்தோடு, 2023 டிசம்பர் 31 ஆம் திகதி விற்ற சாமான் 2024 ஜனவரி 2 ஆம் திகதி திரும்பி வந்தால் 15 வீதத்திலேயே கழிய வேண்டும். வற் பதிவுள்ளவர்கள் இதை டெஸ்ட் கேஸாக எழுதிக் கொள்ளுங்கள்.

ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்று கெடுவது ரிக்ரெஷன். எமது திருப்பி எடுக்கும் குறையைத் திருத்தித் தந்த பின்னர், கடன் பில்களுக்குக் கழிவே விழாமற் போனது! எனவே எந்தத் திருத்தம் வந்தாலும் உங்கள் கொப்பியில் உள்ள சோதனைகள் அனைத்தையும் முதலிலிருந்து மீண்டும் செய்யுங்கள். கொப்பியை எறிந்து விட வேண்டாம் என்பதன் காரணம் இதுதான்.

திருத்திய பதிப்பை வேர்ஷன் இலக்கத்தோடு வெளியிடுவது ரிலீஸ். இரண்டு மூன்று கவுண்டர் உள்ளவர்கள் எல்லாவற்றிலும் ஒரே வேர்ஷன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2012 ஆகஸ்ட் 1 ஆம் திகதி அமெரிக்காவின் நைட் கெப்பிட்டல் என்ற பங்கு வியாபார நிறுவனம் எட்டு சேர்வர்களில் ஏழுக்கு மட்டும் புதிய சொப்ட்வெயாரைப் போட்டு, ஒன்றை விட்டு விட்டது. சுமார் 45 நிமிடத்தில் 440 மில்லியன் டொலருக்கு மேல் நட்டம்.

10. பக்கப், ஓடிட் லொக், சோர்ஸ் கோட்

பக்கப் என்பது கணக்கின் பிரதி. எடுத்து வைத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீண்டும் கணக்கைக் கொண்டு வர முடிகிறதா என்று மாதம் ஒரு தடவையாவது பாருங்கள். ஒரு பிரதி கடைக்கு வெளியில் இருக்கட்டும்.

ஓடிட் லொக் என்பது யார், எப்போது, எதை மாற்றினார் என்ற அழியாப் பதிவு. கெஷியருக்குத் தெரியாமலே வெளியிலிருந்து கணக்கை மாற்ற முடியும் என்றால், குறையும் காசுக்குக் கெஷியரைக் கேட்பது நியாயமில்லை. ஹொரைசன் வழக்கிலும் இதுவே பெரிய பிரச்சினையானது. கவுண்டர் கணக்குகளைக் கம்பனி ஊழியர்கள் தொலைவிலிருந்தே மாற்றக் கூடியதாக இருந்தது. கடைக்காரர்களிடமோ அப்படி முடியாது என்றே சொல்லப்பட்டிருந்தது. உங்கள் கம்பனியிடமும் இதைக் கேளுங்கள்.

சோர்ஸ் கோட் என்பது எழுதியவர் வைத்திருக்கும் மூலம். அது இல்லாமல் வேறொருவரால் திருத்த முடியாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிப் புரோகிராம்களுக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு வழங்குகிறது. காசு கொடுத்து விட்டதால் மூலமும் நமதே என்று நினைத்து விடக் கூடாது. கம்பனி மூடப்பட்டால் மூலம் யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் கொள்ளுங்கள்.

முடிவாக

இத்தனை சொற்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அடுத்த தடவை ஒருவர் சொப்ட்வெயார் விற்க வந்தால் நான்கு விடயங்களைச் செய்யுங்கள். தேவையை ரூபா உதாரணத்தோடு எழுதிக் கொடுங்கள். கொப்பியில் சோதனைகளை எழுதி வையுங்கள். சோதித்து முடியும் வரை கையெழுத்தையும் கடைசித் தவணையையும் கொடுக்காதீர்கள். லாச்சியில் காசு குறைந்தால் ஆளைக் கேட்க முன் அன்றைய பில்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

குறையைக் கண்டுபிடித்த வாரமே பழைய கெஷியரின் வீட்டுக்குச் சென்றேன். பிடித்த சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். காசை வாங்கிக் கொண்டார். தேநீரும் தந்தார். மீண்டும் வேலைக்கு வருமாறு கேட்டேன், வரவில்லை. நான் எழும்பிய போது அவருடைய தாயார் வாசலுக்கு வந்து, "மகன் எடுக்கல்லண்டு நீங்களே பஸார்ல நாலு பேருக்குச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் சொல்லி வருகிறேன். இந்தக் கட்டுரையும் அதில் ஒரு பகுதிதான்.